திரும்பிப் பார்த்ததற்குக் கூலி

கோத்தகிரிப் பக்கம் நாய் பழக்க என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் நாயைப் பற்றி முதலில் கேட்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பேன். தேயிலையா, சோலையா, ஓடையா? குப்பையை எங்கே கொட்டுகிறார்கள்? சாயங்காலம் அந்த வழியாக வருவது காட்டெருமையா, கரடியா, பன்றியா? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் நாயின் பெயர், வயது, ஜாதி. சமவெளியில் ஒரு நாய்க்கு உட்காரவும் நிற்கவும் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். இங்கே உட்காரத் தெரிந்த நாய்கள் ஏராளம். முப்பதடி தூரத்தில் ஒரு காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்க்கும்போதும் உட்காருகிற நாய்கள்தான் குறைவு.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் போலீஸ் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் நாய் பழக்குவது என்றால் கழுத்தில் சுருக்குச் சங்கிலி, கையில் தோல்வார், வாயில் ஆங்கிலக் கட்டளை. நாய் முந்தினால் ஒரு வெட்டு இழுப்பு, குரைத்தால் இன்னொன்று. நாயை அடித்துத் துன்புறுத்துகிற ஆள் இல்லை அவர். அப்போது எல்லோரும் செய்ததைத்தான் செய்தார். நாயின் உடம்பைப் படிக்க அவரிடம்தான் கற்றேன். திறந்திருக்கும் வாய் சட்டென்று மூடினால் நாய் எதையோ கண்டுவிட்டது. உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு வந்துவிட்டால் அடுத்து ஓட்டம்தான். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி, சில நாய்க்கு இரண்டு நொடி இருக்கும். நம் வேலை முழுவதும் அந்த இடைவெளிக்குள் நடப்பது.

அவர் முறை மைதானத்தில் பலித்தது. மலையில் பலிக்காத காரணம் எளிது. சங்கிலி கழுத்தில் இருக்கிறதா இல்லையா என்று நாய்க்கு நன்றாகத் தெரியும். பங்களா வாசலில் எஜமானர் காலோடு ஒட்டி நடக்கிற அல்சேஷன், சங்கிலியை அவிழ்த்த மறுநிமிடம் கேளையாட்டின் பின்னால் பள்ளத்தில் இறங்கிவிடும். கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோய் எஜமானர் நிற்பார். ஒரு மணி நேரம் கழித்து, உடம்பெல்லாம் அட்டையும் உண்ணியுமாக அது திரும்பி வரும். வந்ததும் அடி விழும். நாய் அதில் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: திரும்பி வந்தால் அடி.

நாய் ஏன் துரத்துகிறது என்பதைப் பலரும் பசியோடு முடிச்சுப் போடுகிறார்கள். வயிறு முட்டத் தின்ற நாயும் துரத்தும். ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். கவனிப்பது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நகர்வது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று வேட்டை ஒரு தொடர். ஓநாயிடம் அந்தத் தொடர் முழுமையாக இருக்கிறது. மனிதன் தனக்கு வேண்டியபடி நாய்களை இனம்பெருக்கியபோது ஒவ்வொரு இனத்திலும் சில கண்ணிகளை வளர்த்தான், சிலவற்றை மழுக்கினான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலிக்கு உற்றுப் பார்ப்பதில் இன்பம். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் துரத்துவதில். பீகிளுக்கு மோப்பத்தில். முயல் கையில் சிக்காவிட்டாலும் ஓடிய ஓட்டமே நாய்க்குக் கூலி. நாம் வீட்டில் உட்கார்ந்து வெறும் 'வா' சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் கூலியோடு எப்படிப் போட்டி போட முடியும்?

இந்த நீலகிரிக்கு நாயைக் கொண்டுவந்ததே துரத்தத்தான் என்று சொல்லலாம். வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் பாக்ஸ்ஹவுண்ட் கூட்டத்தை ஏவிக் குதிரை மேல் நரி விரட்டினார்கள். இன்று சட்டம் வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் விலங்கை விரட்டுவதும் அடங்கும். நாயின் ரத்தம் மட்டும் மாறவில்லை.

எனக்கு வழி திறந்தது குன்னூரில் ஒரு வாடிக்கையாளர் தன் வீட்டு அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்த புத்தகம். கேரன் பிரையர் 1984இல் எழுதியது. அந்த அம்மாள் அதற்கு முன்னால் ஹவாயில் டால்பின்களைப் பழக்கியவர். டால்பினுக்குச் சங்கிலி போட முடியாது. பிடிக்கவில்லை என்றால் நீந்திப் போய்விடும். ஒரு விசில், கை நிறைய மீன், சரியான நொடியைப் பிடிக்கிற கண் இவற்றை வைத்துத்தான் அங்கே எல்லாம் நடந்தது. சோலை ஓரத்தில் அவிழ்த்துவிட்ட நாயும் நம் கைக்கு எட்டாத பிராணிதானே என்று அன்றைக்குத் தோன்றியது. சுருக்குச் சங்கிலியைச் சுவரில் மாட்டினேன். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

விசிலில் இருந்துதான் தொடங்குவேன். பெயர் சொல்லிக் கூப்பிடுவது உதவாது. வீட்டில் ஆளுக்கு ஆள் திட்டவும் கொஞ்சவும் அந்தப் பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். விசில் சத்தம் எல்லா நாளும் ஒன்றாக இருக்கும், மூடுபனியிலும் போய்ச் சேரும். முதல் வாரம் சமையலறையிலேயே ஊதுவோம். ஊதியவுடன் நெத்திலிக் கருவாடு, உப்புப் போகக் கழுவி வறுத்தது. அல்லது வேகவைத்த கோழி ஈரல், கடலை அளவுக்கு நறுக்கியது. நாய் ஒன்றுமே செய்ய வேண்டாம். விசில் கேட்டால் ஈரல், அவ்வளவுதான். பிறகு கூடத்தில் இருந்து, பிறகு முற்றத்தில் இருந்து. குளிப்பாட்டவோ கட்டிப்போடவோ அந்த விசிலை ஒருநாளும் ஊதக்கூடாது. வராது என்று தெரிந்த நேரத்திலும் ஊதக்கூடாது. ஊதி ஊதி அதை வெறும் சத்தமாக்கிவிடுவோம். கொடுக்கிற தீனியை ராத்திரிச் சாப்பாட்டில் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் லாப்ரடார்கள் ஆறு மாதத்தில் உருளைகளாகிவிடும்.

பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு காட்டெருமையோடு மோதப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "மாஸ்டர், வீட்ல பிஸ்கட்டுக்கு உயிரை விடும், வெளிய வந்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது" என்பார்கள். பிஸ்கட் வீட்டுக்குள் போதும். வெளியே வேலை கடினம், கூலியும் உயர வேண்டும். அந்த உயர்ந்த கூலி வேறெங்கும் கிடைக்கக்கூடாது. கருவாடு காட்டுப் பாதைக்கு மட்டும்.

அடுத்தது தூரம். கோத்தகிரியின் வசதி என்னவென்றால் எதிர்ச்சரிவில் மேய்கிற காட்டெருமையை இந்தச் சரிவில் இருந்தே பார்க்கலாம். நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அந்தத் தூரத்தில் நாயோடு கல்லில் உட்கார்வேன். நாய் பார்க்கும். தடுக்க மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். பார்த்துவிட்டு, காதை லேசாகத் திருப்பி, தலையை என் பக்கம் ஒரு அங்குலம் அசைத்தாலும் அந்த நொடியில் நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்து ஈரல் கொடுப்பேன். மறுபடி பார்க்கும், மறுபடி திரும்பும், மறுபடி ஈரல். கருவாட்டை மூக்கருகே நீட்டியும் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது பிடிவாதமும் இல்லை, வயிறு நிறைந்ததும் இல்லை. நாம் விலங்குக்கு மிக அருகே வந்துவிட்டோம். எழுந்து பின்னால் போக வேண்டியதுதான். நாள் போகப்போக ஒன்று நடக்கிறது. காட்டெருமை கண்ணில் பட்டதும் யாரும் சொல்லாமலே நாய் திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. விலங்கே கட்டளையாகிவிடுகிறது. இது வர வாரங்கள் ஆகும், சில நாய்க்கு மாதங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் இருந்து தொடங்க நேர்ந்திருக்கிறது.

இந்தக் காலம் முழுவதும் நாய் நீளக் கயிற்றில்தான். பத்து மீட்டர் பருத்திக் கயிறு, கழுத்தில் கட்டாமல் மார்புப் பட்டையில் கோத்தது. நாய் வேகமெடுத்துக் கயிற்றின் முனைக்கு வந்தால் கழுத்து முறியக்கூடாது அல்லவா? தேயிலைச் செடிக்குள் கயிறு சிக்கிக்கொள்ளும், அதனால் எப்போதும் பாதையில்தான் நடப்போம்.

விருதுநகர்ப் பக்கத்தில் இருந்து ஒரு சிப்பிப்பாறையை இங்கே கொண்டுவந்து வளர்த்தவர் ஒருவர் இருந்தார். அதற்குத் தீனியில் நாட்டமே இல்லை. கருவாடு, ஈரல், முட்டை, எதுவும் வேலைக்கு ஆகவில்லை. முயல் தாண்டினால் உடம்பு முழுக்க நடுங்கும். "இது ஓடப் பொறந்தது மாஸ்டர், இதைப் போயி நிறுத்தலாமா?" என்று அவரே என்னிடம் பரிதாபப்பட்டார். நிறுத்த வேண்டாம், நம் பக்கம் ஓட வைக்கலாம் என்றேன். பதப்படுத்தாத ஆட்டுத்தோலில் ஒரு முழ நீளத் துண்டு, அதைக் கயிற்றில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். முயலைப் பார்த்துவிட்டு நாய் நம் பக்கம் திரும்பிய கணம், தோலைத் தரையில் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். அது துரத்தும், கவ்வும், உதறும். வேட்டைத் தொடரில் அதற்கு உயிரான கண்ணி எதுவோ அதையே கூலியாகக் கொடுத்தோம். டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் இந்த விதியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்: பிராணி எதைச் செய்யத் துடிக்கிறதோ, அதைச் செய்ய விடுவதே பரிசாகும். அதன்படி பீகிளுக்குப் புல்லில் தீனியை இறைத்து மோந்து தேடவிடுவேன். குரங்கை வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிற நாயை, உட்கார்ந்ததற்குப் பரிசாக இன்னும் கொஞ்சம் பார்க்கவிடுவேன். அந்தச் சிப்பிப்பாறை கடைசிவரை திறந்த வெளியில் கயிறில்லாமல் விடப்படவில்லை. அதற்கு அந்தச் சுதந்திரம் பாதுகாப்பில்லை என்பது என் முடிவு, உடையவரும் ஏற்றுக்கொண்டார்.

கரடி விஷயத்தில் திரும்பி வருவது மட்டும் போதாது. எங்கள் பக்கம் கரடிகள் கோயில் விளக்கு எண்ணெய்க்கும் பலாப்பழத்துக்கும் வீட்டு வாசல்வரை வருகின்றன. எஸ்டேட் காவல்காரர் ஒருவர் அதிகாலையில் நாயோடு வந்துகொண்டிருந்தார். நாய் முன்னால் ஓடிக் கரடியைக் கண்டு குரைத்தது. கரடி எழுந்து பாய்ந்ததும், பயந்த நாய் தஞ்சம் தேடி எங்கே ஓடும்? எஜமானரிடம்தான் ஓடி வந்தது, பின்னாலேயே கரடியும். அவர் தண்ணீர்த் தொட்டிச் சுவர் மேல் ஏறித் தப்பினார். காட்டெருமையும் இப்படித்தான். ஆண் விலங்கு ஆயிரம் கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும், கன்றோடு இருக்கிற பசு அதைவிடக் கோபக்காரி. நாய் குரைத்துச் சீண்டிவிட்டு நம் காலுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்ளும்.

அதனால் குரைப்பதற்கு முன்பே திரும்பப் பழக்குகிறேன். மூடுபனியில் கண் உதவாது, மூக்குதான். நாய் தலையைத் தூக்கிக் காற்றை இழுத்து மோக்கிறது, வாய் மூடுகிறது, நடை குறுகுகிறது. அந்த இடத்திலேயே மெல்ல நாக்கைத் தட்டி, கருவாடு கொடுத்து, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும். பலமுறை செய்த பிறகு, மோப்பம் கிடைத்ததும் நாய் தானே நின்று நம்மைப் பார்க்கும். மனிதக் கண்ணுக்கு முன்பே வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று சொல்லிவிடும். என்னோடு நடந்த 'மணி' என்கிற நாட்டு நாய் இப்படிச் சொன்ன காரணத்தால் நான் திரும்பிப் போன பாதைகள் பல. மறுநாள் போய்ப் பார்த்தால் அங்கே புதுச் சாணமும் குளம்புத் தடமும் கிடக்கும்.

தண்டனைக்காரர்களிடம் எனக்குள்ள சண்டையும் இந்த இடத்தில்தான். குரைத்ததற்கு அடி வாங்கிய நாய் குரைப்பதை விடும். விலங்கின் மேலுள்ள வெறியை விடாது. எச்சரிக்கை போய்விடும், பாய்ச்சல் மிஞ்சும். வெளிநாட்டில் இருந்து வரவழைத்த மின்சாரப் பட்டையோடு ஒரு டாபர்மேனை என்னிடம் கொண்டுவந்தார்கள். குரங்கைத் துரத்தும்போதெல்லாம் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ஒருமுறை அழுத்திய நேரத்தில் நாயின் கண்ணெதிரே நின்றவர் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன். வலி வந்த இடம் அவன்தான் என்று நாய் கணக்குப் போட்டுக்கொண்டது. குரங்கை இப்போதும் துரத்துகிறது, தோளில் சுமையோடு வருகிற எவரையும் கடிக்கப் பாய்கிறது. அந்தப் பயத்தைக் கரைக்கக் குரங்குப் பயிற்சியைவிட நாள் அதிகம் பிடித்தது. வேல்ஸ் நாட்டில் 2010இலேயே அந்தப் பட்டையைத் தடை செய்துவிட்டார்கள். இங்கே இன்னும் இணையத்தில் வாங்கலாம்.

கூலி கொடுத்துப் பழக்குவது செல்லநாய்க்காரர்களின் பொழுதுபோக்கு என்று பேசுபவர்களுக்கு வனத்துறையின் மோப்ப நாய்களைக் காட்டுவேன். வனவிலங்குக் கடத்தலைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2008இல் வன அதிகாரிகளுக்காகத் தொடங்கிய திட்டத்தில் பழகிய நாய்கள் அவை. புலித்தோல், சிறுத்தை எலும்பு, யானைத் தந்தம், கடத்திய இறைச்சி எல்லாம் கண்டுபிடிக்கின்றன. காட்டுக்குள் உயிரோடு மேய்கிற மானைச் சட்டை செய்யாமல், மூட்டைக்குள் இருக்கிற மான்கறியை மட்டும் அவை சொல்ல வேண்டும். இதை அடித்து வாங்க முடியாது. கண்டுபிடித்த நாய்க்குக் கிடைப்பது ஒரு பந்தும் கொஞ்ச நேர விளையாட்டும்தான். அதற்காக அது நாள் முழுவதும் தேடுகிறது.

நான் பார்த்ததில் நல்ல கைக்காரர் ஒரு தேயிலை பறிக்கிற அம்மா. அந்த எஸ்டேட்டில் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) நாய் ஒன்று அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதறிச் செத்தது. காட்டுப்பன்றிக்காக யாரோ கறிக்குள் வெடிமருந்து வைத்திருந்தார்கள். யானையின் வாயையும் கிழிக்கிற அதே பாழாய்ப்போன சாமான். அதற்குப் பிறகு லயத்து நாய்களுக்குத் 'தொடாதே' பழக்கித் தருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். தரையில் கிடக்கிற இறைச்சியை நாய் பார்க்க வேண்டும், அதை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும், பார்த்த நொடியில் கையில் இருந்து அதைவிட நல்லது கிடைக்க வேண்டும். கீழே கிடப்பது ஒருநாளும் கிடைக்கக்கூடாது. எல்லோரும் தாமதமாகக் கொடுத்தார்கள். அந்த அம்மா மட்டும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற விரலோடு, நாயின் கண் திரும்பும்போதே கருவாட்டை வாயில் வைத்தார்.

"அண்ணா, பாக்குறப்ப எல்லாம் குடுக்கணுமா? பழகுன பொறவும்?"

"கொஞ்ச நாள் போனா வீட்டுக்குள்ள குறைச்சுக்கலாம்மா. காட்டு ஓரத்துல குறைக்காதீங்க."

"குறைக்க மாட்டேன். எங்களுக்கு எடை போடுறப்ப குறைச்சா நாங்க சும்மா இருப்பமா?"

இதைவிடத் தெளிவாக என் தொழிலை நான் யாருக்கும் விளக்கியதில்லை. கடினமான வேலைக்கு, பழகிய பிறகும், கூலியைக் குறைக்கக்கூடாது. அவருடைய நாய் வழியில் கிடக்கிற எதையும் தொடாமல் கிழவியாகும்வரை வாழ்ந்தது.

சிறுத்தைக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. அதற்கு நாய் இரை. விசிலும் கருவாடும் அங்கே செல்லாது. இருட்டுவதற்கு முன் உள்ளே கூட்டுவது, கம்பி போட்ட கூண்டு, வாசல் விளக்கு இவைதான் வழி. திண்ணையில் கட்டிப்போட்ட நாயைச் சங்கிலியோடு சிறுத்தைக்கு விட்டுக்கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். பயிற்சியாளனிடம் காசு கொடுத்துவிட்டால் கம்பிக்கூண்டு தேவையில்லை என்று நினைப்பவர்களிடம் நான் வேலை ஒத்துக்கொள்வதில்லை.

நான் தொழிலுக்கு வந்தபோது வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் எஸ்டேட் துரைமார்கள். காட்டெருமை ஊருக்குள் வந்தால் அது செய்தி. இன்று பேருந்து நிலையத்தைத் தாண்டி அவை நடக்கின்றன, ஜனங்கள் ஓரமாக நின்று வழிவிடுகிறார்கள். சோலை ஓரங்களில் விடுதிகளும் வாரக்கடைசி வீடுகளும் எழுந்துவிட்டன. குப்பையில் கொட்டுகிற பிரியாணிக்குக் குரங்கும் கரடியும் பன்றியும் வருகின்றன. பெங்களூரில் இருந்தும் கோவையில் இருந்தும் காரில் வருகிற ஹஸ்கியும் கோல்டன் ரிட்ரீவரும் கதவைத் திறந்தவுடன் குதித்து ஓடுகின்றன. அந்த நாய்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பிறந்ததில் இருந்து அடுக்குமாடியில் வளர்ந்த பிராணிக்கு முதன்முதலாகக் கடமான் வாசனை கிடைக்கிறது. அதற்கு முன்கூட்டி எதையும் கற்றுத்தராமல் கதவைத் திறந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

துரத்தப்பட்ட மான் தப்பிவிட்டதே, என்ன குறைந்தது என்று கேட்கிறார்கள். சினையாக இருக்கிற மானுக்கு அந்த ஓட்டம் போதும் உயிர் போக. குட்டியை விட்டு ஓடிய தாய் மறுபடி அதைக் கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். நோய் இன்னொரு பக்கம். 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் செத்தபோது, அவற்றில் பலவற்றிடம் நாய்களைத் தாக்குகிற டிஸ்டம்பர் வைரஸ் இருந்தது. நம் காடுகளில் செந்நாய் இருக்கிறது, நரி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது.

நாயோடு மலைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். விசில் பழக்கத்தை ஊரிலேயே, சமையலறையிலேயே, வருவதற்கு இரண்டு மாதம் முன்பு தொடங்குங்கள். பத்து மீட்டர் கயிறும் மார்புப் பட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், கழுவிய கருவாடு ஒரு டப்பா எடுத்துவாருங்கள். ரேபிஸ், டிஸ்டம்பர் தடுப்பூசி போடாத நாயைக் கூட்டிவராதீர்கள். காரின் கதவைத் திறப்பதற்கு முன் கயிற்றை மாட்டுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு நாயை உள்ளே கூட்டிக் கதவைச் சாத்திவிடுங்கள்.